பாக்கி ஃபைலில் கிடந்த புயல்கள்

பேனா பிடித்து எழுத எனக்குத் தகுதி கிடையாது. பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான் படிப்பு. இருபது வருஷமாக அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுத்தவள், சொந்தமாக ஒரு பத்தி எழுதக் கூச்சமாக இருக்கிறது. டி.டி.பி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தப்பையே மறுபடி செய்வதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். பிழை இருந்தால் புரூஃப் பார்த்தவரைத் திட்டவும்.

1. அடம் பிடிக்கிற அட்ரஸ்

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில் எங்கள் சென்டர். ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் சென்னை ஐ.டி. கம்பெனிகளுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கிளம்புகிறவர்களுக்கெல்லாம் பயோடேட்டா அடித்தது நான். நான் கிளம்பவில்லை, அடிக்க ஆள் வேண்டுமே.

அப்படிச் சென்னைக்குப் போன ஒரு இன்ஜினியர், தூக்க முடியாமல், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கான நோட்ஸ் கட்டு ஒன்றைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். கஸ்டமரோடு பேசுவதைவிட அதைப் படிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைக் கவர்களுக்கு முகவரி ஒட்டும் லேபிள் அடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டியலில் இடைவெளி வரும் இடத்தில் வெட்டும், கட்டத்தில் வைக்கும். வெட்ட வராத வரியைத் தாண்டிப் போய்விடும். தாண்டியதை 'பாக்கி' என்ற ஃபைலில் போட்டு வைக்கும். கடைசியில் அதைத் திறந்து கையால் அடிப்போம். ஓனர் சேவியர் சார் போட்ட சட்டம் இது. "அடம் பிடிக்கிற ஒரு அட்ரஸுக்காக ஐந்நூறு அட்ரஸ் காத்துக் கெடக்கணுமா?" என்பார்.

2. எத்தனாம் நம்பர் கூண்டு?

ஒரு புதன்கிழமை காலை தமிழரசி மேடம் வந்தார். இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவர். ஒரத்தநாடு பக்கம் நடவுக்குப் போகும் குடும்பத்தில் முதல் காலேஜ் படிப்பு. தைவானில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தீசிஸ் கொடுத்தால்தான் அது. நாள் நீட்டிப்பு இரண்டு தடவை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. இந்த நேரம் பார்த்து அவருடைய லேப்டாப் செத்துப்போயிருந்தது.

பென் டிரைவில் ஒரு ஃபைல் மட்டும் பிழைத்திருந்தது. ஜப்பானில் சேமித்து வைத்திருக்கும் பழைய கணக்கு. சூரியனிலிருந்து வரும் வீச்சில் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்று மணிக்கு ஒரு எண். நாளுக்கு ஒரு வரி, வரிக்கு இருபத்துநாலு எண். மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பெரிய காந்தப் புயல். பதினோரு வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் வரி. அதைக் கிராஃப் ஆக்க வேண்டும்.

புயல் என்றதும் ஓனருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாகப்பட்டினத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்துவாங்க?" என்று கேட்டார். இது மழை இல்லாத புயல் என்று மேடம் விளக்கினார். ஜப்பான் ஃபைல் கிரீன்விச் நேரப்படி இருப்பதால், அதில் நாள் நம்மூர்க் காலை ஐந்தரைக்குத்தான் பிறக்கும் என்றும் சொன்னார். ராகுகாலத்தை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று ஓனர் கவலைப்பட்டார்.

லேபிள் புரோகிராமையே கொஞ்சம் மாற்றி ஓட்டினேன். அடம் பிடித்த வரிகள் நூற்றுக்கு மேல் பாக்கியில் விழுந்தன. திறந்து பார்த்தால் -151-137 என்று எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பென் டிரைவ் கோளாறு என்று நினைத்தேன். மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் பேச எனக்கு நாக்கு எழாது. நாலாயிரத்தில் நூறு போனால் என்ன என்று, வந்ததை வைத்துக் கிராஃப் போட்டேன். வியாழன் சாயங்காலம் அழகாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மற்ற அத்தியாயங்களின் அவசரத்தில் அவரும் பார்க்காமல் வாங்கிப் போனார்.

3. எடுத்தது யார்?

வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்குப் போன். வேறு யாரும் இல்லாததால் நானே எடுத்தேன். மேடம்தான்.

"அக்கா, கிராஃப்ல ஒரு புயல்கூட இல்லக்கா. மைனஸ் நூறத் தொடவே இல்ல. பதினோரு வருஷமா பூமி தூங்கிக்கிட்டா இருந்துச்சுன்னு என் ஆராய்ச்சி கைடு கேக்குறாரு. வேணும்னே புயல் நாளையெல்லாம் எடுத்துட்டேன்னு நெனைக்கிறாரு. தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு."

பாக்கியைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணினேன். அந்த ஃபைலில் ஒரு எண்ணுக்கு நாலு எழுத்து இடம். சாதாரண நாளில் எண் சின்னது, முன்னால் இடைவெளி இருக்கும். மைனஸ் நூறைத் தொட்டாலே நாலு இடமும் நிரம்பிவிடும், இடைவெளியே இருக்காது. இடைவெளியில் வெட்டும் என் புரோகிராம் புயல் நாளாகப் பார்த்துத் தாண்டியிருக்கிறது. புயல் ஆராய்ச்சியில் புயலை மட்டும் சுத்தமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

தினமும் இரண்டு மணிக்கு மின்வெட்டு வரும். எங்கள் யூ.பி.எஸ். கடிகாரம் ஓட்டக்கூடப் போதாது. இடைவெளியை மறந்துவிட்டு தேதி முதலானவை இருக்கும் முதல் இருபது எழுத்தைத் தள்ளி, பிறகு நாலு நாலு எழுத்தாக நறுக்கு என்று மாற்றினேன். பாக்கியில் ஒன்றுகூட விழவில்லை. கிராஃபில் கோடு கீழே கீழே குத்தி இறங்கியது. பிரிண்டர் கடைசித் தாளைத் துப்பி ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போனது.

தாளை ஓனரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "குடுத்தா போதுமா? அந்தப் பொண்ணு எடுக்கலன்னு யாரு சொல்றது? ஏறும்மா வண்டில."

கைடு அறையில் மேடம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் பழைய கிராஃபையும் புதிய கிராஃபையும் மேஜையில் வைத்தேன்.

"நீங்க யாரு?"

"டைப்பிஸ்ட் சார். புயல எடுத்தது இவங்க இல்ல சார். நான்தான்."

"எதுக்கும்மா எடுத்தீங்க?"

"அடம் பிடிச்சுது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு எப்படி என்று கேட்டார். எண்கள் ஒட்டியிருந்ததையும், நாலு நாலாக நறுக்கியதையும் சொன்னேன். ஒரு ஆளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பெரிய புயல் அடித்த ஒரு தேதியைச் சொல்லி, அன்றைய வரியைக் காட்டச் சொன்னார். அச்சடித்துக் கொண்டுபோயிருந்த பழைய பாக்கியில் விரலை வைத்துக் காட்டினேன். பேனாவைத் திறந்தார். நாலு மணி நாற்பதுக்கு யுனிவர்சிட்டி ஆபீஸில் தீசிஸ் மேல் சீல் விழுந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓனர், தைவானில் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார்.

நான் கற்றது இதுதான். சுலபமாக உள்ளே போகிற வரியில் விசேஷம் ஒன்றும் இருக்காது. புரோகிராம் எதைத் தள்ளுகிறதோ, அதை முதலில் பாருங்கள். புரியாவிட்டால், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் போனை எடுத்துக் கேளுங்கள்.

மறுநாள் திருவிடைமருதூர்ப் பார்ட்டி ஒருவர் காதுகுத்துப் பத்திரிகைக்கு முந்நூறு முகவரி கொண்டுவந்தார். பதினான்கு பாக்கியில் விழுந்தன. முதலில் அதைத் திறந்தேன். அதில் ஒன்று, காது குத்தும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனின் முகவரி.