ஆறரை மணி வயர்

நீலசந்திராவில், தமிழும் கன்னடமும் கலந்து வாழும் எங்கள் சந்துக்கு வந்து பாஞ்சாலி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். கேபிள்காரர் கிருஷ்ணப்பாவின் பெண்டாட்டி. அவள் கதையை நான் சொல்ல, என் பேத்தி வீணா எழுதுகிறாள். என் தப்பையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூற்று இரண்டில் கிருஷ்ணப்பா தன் வீட்டு மாடியில் இரண்டு பெரிய தட்டு ஆன்டெனா வைத்து, மரத்துக்கு மரம் வயர் இழுத்துத் தொழிலைத் தொடங்கினார். மாடியிலேயே ஷீட் போட்ட ஓர் அறை. சேனலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டிகள் அதில் நாளெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். ஃபேன் ஒன்று இருந்தது. அது பெட்டிகளுக்கு, ஆளுக்கு இல்லை.

எங்கள் டிவிகளிலும் பன்னிரண்டு பொத்தான்தான். தொண்ணூற்று ஐந்தில் கேபிளுக்கென்று சட்டம் வந்தது. கிருஷ்ணப்பா போஸ்ட் ஆபீசில் பதிவு செய்துகொண்டார். அரசாங்க சேனல் இரண்டையாவது கட்டாயம் காட்டவேண்டும் என்றார்கள். அவர் அதுவரை ஒன்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றுக்கு இடம் வேண்டும், எதை எடுத்தாலும் ஏதோ ஒரு வீட்டில் சண்டை. கடைசியில் ஒரு கன்னட சேனலையும் ஒரு தமிழ் சேனலையும் ஒரே பெட்டியில் குடிவைத்தார். பகலெல்லாம் கன்னடம். சாயங்காலம் ஆறரைக்குத் தமிழ், எங்கள் சீரியலுக்காக. ராத்திரி பத்துக்குத் திரும்பக் கன்னடம்.

மாற்றுவது என்றால் ஒரு வயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவது, அவ்வளவுதான். பத்து மணிக்கு கிருஷ்ணப்பாவே செய்துவிடுவார். ஆனால் சாயங்காலம்தான் யார் வீட்டிலாவது படம் தெரியாமல் போகும், அவர் ஏணியோடு ஏதாவது தெருவில் இருப்பார். அதனால் ஆறரை மணி பாஞ்சாலியின் தலையில் விழுந்தது.

ஆறு இருபதுக்கு அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் படி ஏறுவாள். எதிர்வீட்டு கோவிந்தப்பா பகல் முழுதும் கன்னடப் படம் பார்த்துவிட்டு, முடிவு வரும்போது வயர் போய்விடுகிறதே என்று ஜன்னலில் நின்று கெஞ்சுவார். பாவம் என்று ஐந்து நிமிஷம் விட்டால் நாங்கள் பொம்பளைகள் கீழே கூடிவிடுவோம். அவள் யாருக்கும் பதில் சொல்லமாட்டாள். வயரை மாற்றிவிட்டு இறங்கி வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவளுடைய அம்மா கிருஷ்ணகிரி தாண்டிக் காவேரிப்பட்டணத்தில் இருந்தார். முதல் வருஷம் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவள் போனாள். அன்றைக்குப் பார்த்து மெயின் ரோட்டில் வயர் அறுந்து பஸ் மேலே விழுந்தது. கிருஷ்ணப்பா வந்து மாற்றும்போது ஏழே கால். சந்தே அவர் வாசலில் நின்று கத்தியது. முன்னால் நின்று கத்தியவள் நான். அதற்கப்புறம் பாஞ்சாலி காவேரிப்பட்டணம் போனாலும் சாப்பிட்ட கையோடு மத்தியான பஸ் ஏறி ஆறரைக்குள் வந்துவிடுவாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் டிஜிட்டல் வந்தது. கிருஷ்ணப்பா ஒரு பெரிய கம்பெனியோடு சேர்ந்துகொண்டார். வீட்டுக்கு ஒரு பெட்டி, நூறு சேனல், யாரும் எதையும் மாற்றவேண்டாம். யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன், கடைசி வீடு பெட்டி வாங்குகிறவரை பழைய லைனும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்.

நான் வாங்கமாட்டேன் என்றேன். அந்தப் பெட்டி வந்தால் பாஞ்சாலிக்கு என்ன மரியாதை இருக்கும், அவளை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு ரோஷம். கோவிந்தப்பாவையும் வாங்கவிடவில்லை. பெர்னதெத் டீச்சர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவளையும் தடுத்தேன். ஆறு வீடு என் பக்கம். எட்டு மாசம் பிடிவாதமாக இருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் பாஞ்சாலி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு.

"ஆயா, அந்தப் பொட்டிய வாங்கிக்கயேன்."

"உனக்காகத்தான்டி வேணாங்கிறேன். அது வந்தா உன் வேலை போயிடும்."

"போவட்டும். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன். சொட்டு மருந்து போட ஆளு வேணும், பத்து நாளு. பதினோரு வருசமா அம்மா வூட்ல ஒரு ராத்திரி படுத்ததில்ல ஆயா."

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"நீ எனக்காவ சண்ட போட்டுக்கினு கீற. எப்பிடிச் சொல்றது? பேஜாரா கீது ஆயா. சாக்கு."

சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். அதைச் சொல்லும்போதே அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. எழுந்து படி ஏறப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சீரியல் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பெட்டிக்குச் சொன்னேன். மற்ற ஐந்து வீட்டுக்கும் நானே நடந்துபோய்ச் சொன்னேன். என்ன ஆயா, நீதானே வேண்டாம் என்றாய் என்று பெர்னதெத் கேட்டாள். அப்போது சொன்னேன், இப்போது வாங்கு என்றேன். அந்த வாரமே கிருஷ்ணப்பா பழைய அறையின் மெயின் ஸ்விட்சை அணைத்தார். புது ரிமோட்டில் என் சேனலுக்கு எந்தப் பொத்தான்களை அழுத்தவேண்டும் என்று பாஞ்சாலி நகப் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தாள். ஒரு மஞ்சப்பையோடு பஸ் ஏறினாள்.

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் திரும்பினாள். முகம் கொஞ்சம் தேறியிருந்தது. கோவிந்தப்பா அவளைப் பார்த்ததும், படத்தின் முடிவைப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்றார். அவள் சிரித்தாள்.

அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து போட்டாயா என்று கேட்டேன்.

"மூணாம் நாள்லேர்ந்து போட்டேன் ஆயா."

"மொத ரெண்டு நாளு?"

"தூங்கிட்டேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோட பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டிக்கினு இருந்தாங்களாம். மருந்த அவங்களே போட்டுக்கினாங்க."