இடது நீளம்

ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் தொலைக்காட்சியைப் பார்ப்பதைவிடத் திட்டுவதுதான் அதிகம். அமெரிக்க ஃபுட்பாலில் என் கண்ணுக்கு ஒரே ஆள்தான் தெரிவான்: பந்தை வாங்கி எறிகிற குவாட்டர்பேக். அவன் எறிந்த பந்து எதிரணிக்காரன் கையில் விழுந்தால், "இவனுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?" என்று சோபாவிலிருந்து எழுந்துவிடுவேன்.

"பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டான், அவனை ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. அந்தப் பக்கம் எறின்னு சொன்ன கோச்சையும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. எறிஞ்சவன்தான் இளிச்சவாயனா?" என்பாள் மனைவி. கையில் பந்து இருப்பவன்தான் பொறுப்பு என்பது என் கட்சி.

இந்தக் கட்சியோடுதான் மகளின் அணிக்குத் துணைக் கோச் ஆனேன். பன்னிரண்டு வயதுப் பெண்கள் ஆடும் ஃப்ளாக் ஃபுட்பால். இதில் இடித்துத் தள்ளுவது கிடையாது. பந்தோடு ஓடுபவளின் இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும். மகள்தான் குவாட்டர்பேக். அந்த இடத்துக்காகக் கோடை முழுக்கக் கராஜ் கதவின்மேல் பந்தை எறிந்து பழகியிருந்தாள். கதவில் பள்ளம் விழுந்ததுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தலைமைக் கோச் டெக்சாஸ்காரர், பொறுமைசாலி. ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் எறிவது என்று மைதான ஓரத்திலிருந்து கத்திச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்குத் தெரிந்துவிடும். தமிழில் கத்தினால்? இடது, வலது, நீளம், குட்டை. நான்கே சொற்கள். எங்கள் அணியில் வேறு தமிழ்ப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒரு பிள்ளை காரில் போகும்போது அம்மாவுக்கு "வலது, வலது" என்று வழி சொன்னதாகக்கூடக் கேள்வி.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் மகள் எறிந்த பந்துகளில் மூன்றை எதிரணியின் ஏழாம் நம்பர் பெண் லட்டு மாதிரி வாங்கிக்கொண்டு ஓடினாள். இந்திய முகம்தான். தெலுங்கோ குஜராத்தியோ என்று நினைத்து விட்டுவிட்டேன். அவள் தோழிகளோடு பேசியதெல்லாம் ஆங்கிலம். இடைவேளையில் மகள் ஓடி வந்து, தான் எறிவதற்கு முன்பே அந்தப் பெண் அங்கே போய் நிற்கிறாள் என்று ஆங்கிலத்தில் படபடத்தாள்.

"சாக்கு சொல்லாத. கண்ணைத் தொறந்து பார்த்து எறி."

முகம் சுருங்கிப்போய் மைதானத்துக்குத் திரும்பினாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தோற்றோம். அடுத்த வாரம் வேறொரு பெண்ணைக் குவாட்டர்பேக் ஆக்கிப் பார்க்கலாமா என்று தலைமைக் கோச் தயங்கித் தயங்கிக் கேட்டார். சொந்த மகள் என்று பார்க்காத நியாயவான் நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். மகள் நாலடி தள்ளி உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

பார்க்கிங்கில் ஏழாம் நம்பரின் அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணா, உங்களுக்கு எந்த ஊரு? நாங்க திருச்சி. நீங்க 'இடது நீளம்'னு கத்தறப்பல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்கல. இவளுக்குத் தமிழ் பேச வராது, ஆனா கேட்டா எல்லாம் புரியும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்று என் வாய் தானாகச் சொன்னது.

"தேங்க்ஸ், அங்கிள்," என்றாள் ஏழாம் நம்பர்.

கோவில் பார்க்கிங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் கேட்கிற ஊர் இது. இங்கே தமிழை ரகசிய மொழியாக வைத்த ஒரே புத்திசாலி நானாகத்தான் இருப்பேன்.

சொல்லாமல் விட்டால் கோச்சுக்குத் தெரியப்போவதில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. மனைவி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மகள் உள்ளே பந்தை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். திரும்பி மைதானத்துக்கு நடந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோச் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சோ, இட் வாஸ் யூ," என்றார். மகள் தொடர்வாள் என்று முடிவானது. கத்துகிற வேலை என்னிடமிருந்து போனது. ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுவருகிற வேலை வந்தது.

காரில் ஏறியதும், "மூணும் என் தப்புடா. நீ சரியாத்தான் சொன்ன, நான்தான் கேக்கல. சாரி," என்றேன்.

"ஓகே," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

அடுத்த சனிக்கிழமை எங்கே எறிவது என்பதை அவளே முடிவு செய்து, தோழிகளைக் கூட்டி வைத்துக் காதோடு காதாகச் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பந்தை மட்டும், அவசரத்தில் எதிரணிப் பெண்கள் இருவர் நிற்கிற இடத்துக்கு எறிந்துவிட்டாள். பறிபோனது. நான் ஆரஞ்சு டப்பாவைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டேன்.

மூச்சு வாங்க ஓடி வந்தவள் ஓர் ஆரஞ்சுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அது என் தப்பு, அப்பா," என்றாள். தமிழில். முகமெல்லாம் சிரிப்பு.