ஓர் இரவு உறங்குவதற்கான வழக்கு

ஸ்வீடன் எல்லையை ஒட்டிய ஹால்டன் நகரத்துக் குடியிருப்பில், வசந்தத்தில் எல்லாரும் கூடி முற்றத்தைக் கூட்டும் நாளில், முதலில் துடைப்பத்தோடு இறங்குபவள் தோர்போர்க். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவள் அரசின் மீது வழக்குப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்த ஆண்டில், பக்கத்தில் சருகு வாரிய மாடிவீட்டுக் குன்லெய்வ் நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டான்.

"ஊரே சேர்ந்து நோயை விரட்டுது. உனக்கு கோர்ட்டு கேக்குதா?"

"ஊரோட சேர்ந்துதானே கூட்டுறேன். கூட்டிக்கிட்டே ஏன்னு கேக்கக் கூடாதாய்யா?"

எல்லைக்கு அப்பால், ஸ்வீடனில், ஏரிக்கரையில் அவளுக்கு ஒரு மரக்குடில் உண்டு. தொற்றுநோய்க்கால அவசர விதிப்படி பகலில் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வரலாம். ஓர் இரவு தங்கினால், திரும்பியதும் பத்து நாள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். ஆனால் அங்கே அவள் பிடிக்கும் ஏரி இறாலுக்கு அந்தியில் பொறி இறக்கி, விடியலில் தூக்க வேண்டும். தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறவளால் யாருக்கு என்ன ஆபத்து? குடில்காரர்கள் சிலர் தொடுத்த வழக்கில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

நீதிபதி அரசு வழக்கறிஞரைக் கேட்டார்: "பகல்ல போனா ஆபத்தில்ல, தூங்கினா ஆபத்தா?"

"தங்கினா கடைக்குப் போவாங்க, நாலு பேரைப் பாப்பாங்க. ஒவ்வொருத்தரையும் விசாரிச்சுட்டிருக்க முடியாது. விதி எளிமையா இருக்கணும்."

அது முட்டாள்தனமான பதில் அல்ல என்று தோர்போர்க்குக்கே பட்டது. தன் முறை வந்தபோது அவள் சொன்னாள்: "எங்க ஏரியில இறால் பகல்ல வெளிய வராதுங்க. அதுங்களுக்கு விதி தெரியாது."

நீதிபதியும் சிரித்தார். தீர்ப்பு என்னவோ அரசின் பக்கம்தான்.

மேல்முறையீடு போவதற்குள், ஆகஸ்டில் அரசே விதியைத் தளர்த்தியது. நோய் தணிந்ததா, கேள்வி உறுத்தியதா, யார் கண்டது? தன்னால்தான் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அரசாங்கமே எழுந்து நின்று தனக்குக் காரணம் சொல்லியிருந்தது. தோற்றவளுக்கு அந்த அளவிலாவது நிறைவு இருந்தது.

படிக்கட்டில் குன்லெய்வ் மறித்தான். "தோத்துட்டு, ஜெயிச்சவ மாதிரி மூட்டை கட்டுறியே!"

"தோத்தவங்களும் தூங்கலாம்னுட்டாங்கய்யா. இறால் வேணுமா, வேணாமா?"

அவன் ஒதுங்கி வழிவிட்டான். "இறாலோட வேகவைக்க, வாசனைக்குச் சோயிக்கீரை நான் வாங்கி வைக்கிறேன்."

அந்தியில் பொறிகளை இறக்கிவிட்டு, குடிலின் பழைய கட்டிலில் படுத்தாள். விடியலில் எழவில்லை. கண் விழித்தபோது வெயில் ஏரி முழுக்கப் பரவியிருந்தது. பொறிக்குள் போன இறால் எங்கே போய்விடும்? அவசரப்படாமல் காப்பி போட்டாள்.