அக்காவின் கண்ணில் விழுந்த வளையங்கள்

மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்காக மலாக்கா முழுக்க விளக்குப் போட்டிருந்த ராத்திரியில்தான், அக்காவின் கண்ணைப் பற்றிய பயம் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. "ஒரு விளக்கு எனக்கு அஞ்சாறாத் தெரியுது, அழகா இருக்கு லா" என்றாள் அக்கா. அப்பா சிரிக்கவில்லை. இரண்டு முறை மாற்றிய மூக்குக்கண்ணாடியும் உதவாமல், கரும்பலகை தெரியாமல், அவள் படிப்பையே நிறுத்தும் நிலைக்கு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறை. அக்காவின் தலைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. டாக்டர் தன் முகத்துக்கு முன்னால் ஒரு தட்டைப் பிடித்தார். கறுப்பும் வெள்ளையுமாக வளையத்துக்குள் வளையம், நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் அவருடைய ஒற்றைக் கண். அது அக்காவின் கண்ணை உறிஞ்சி எடுத்துவிடப் போகிறது என்றே நம்பினேன். அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

டாக்டர் இங்கிலீஷில் ஏதோ அதட்டினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி அதைத் தமிழில் கேட்டார்: "கண்ணுல என்னம்மா விட்டீங்க? வளையமெல்லாம் கலங்கித் தெரியுதாம்."

"சூட்டுக்கு வெளக்கெண்ணெ... காலையிலதான் விட்டேன்." என்றாள் அம்மா.

"கண்ணு என்ன மாட்டுவண்டிச் சக்கரமா, எண்ணெ விட?" என்று மிஸ்ஸி கடிந்துகொண்டார்.

அவரே அக்காவின் கண்ணைக் கழுவிவிட்டார். டாக்டர் மறுபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு, நான் சேலைக்குள் ஒளிந்ததைக் கண்டோ என்னவோ, என்னைத் தூக்கி அந்த ஓட்டை வழியே காட்டினார்.

கருவிழியின் முன்பரப்பு சீராக இருந்தால் அதில் விழும் வட்டம் வட்டமாகவே இருக்கும், புடைத்திருந்தால் கோணிவிடும். இதெல்லாம் பிற்பாடு தேடித் தேடிப் படித்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கலங்கல் போய்விட்டது என்பதுதான். அக்காவின் கருவிழியில் வளையங்கள் பளிச்சென்று இருந்தன, கீழ்ப்பக்கம் சரிந்து ஒடுங்கி, முட்டை முட்டையாக.

"அம்மா, தெளிஞ்சிருச்சு!" என்று கத்தினேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்ப வேற கண்ணாடி போட்டா சரியாயிடும், இல்ல மிஸ்ஸி?" என்றாள் அக்கா. மிஸ்ஸி பஞ்சை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

டாக்டர் அப்பாவை வெளியே அழைத்துப்போனார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். டாக்டர் தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்; அப்பா சுவரில் கையூன்றி, குனிந்த தலை நிமிராமல் நின்றார். பாவம், எண்ணெய் விட்டது அம்மா, திட்டு வாங்குவது அப்பா என்று நினைத்துக்கொண்டேன்.