வெள்ளி தெளித்த பனியன்

தொழிற்சாலைச் சட்டம், பதினான்காம் பிரிவு: வேலையிடத்துத் தூசியும் புகையும் தொழிலாளியின் மூச்சில் போகாதபடி, உண்டாகும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகப் பணிக்காலத்தில் இதைப் பலமுறை தட்டச்சு செய்ய வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறையாவது நடைமுறையில் பார்க்க ஆசைப்பட்டேன்.

எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணுக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். பனியன் கம்பெனியில் பத்து வருடம் பஞ்சுத் தூசியில் இருந்தும் தும்மியதில்லை. 'நானோ' என்ற சொல் அப்போதுதான் திருப்பூருக்குள் நுழைந்திருந்தது. வியர்வை நாற்றம் வராத பனியன் என்று கம்பெனி ஒரு புதுச் சரக்கு தொடங்கி, நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நீரைத் தெளிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. இரண்டே மாதத்தில் அவர் படியேறினால் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் கேட்டது; பஞ்சு பட்டாலே தும்மலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விசிலுக்கும் விடுமுறை.

டாக்டர் சொன்னார்: "நுரையீரல்ல காவல்காரச் செல்லுங்க இருக்குங்க. வர்ற தூசியை முழுங்கிடும். இவ்வளவு பொடி உலோகத்தை முழுங்குனா அதுகளுக்கே கோபம் வந்துடுதுன்னு சந்தேகப்படறாங்க. அப்புறம் பழகின பஞ்சுகூட எதிரியாத் தெரியும். இன்னும் முழுசா நிரூபணம் ஆகலீங்க. ஆனா அந்த வேலை இவங்களுக்கு வேண்டாம்."

வேலையை விட அவரால் முடியாது. துணியைப் பார்த்துக் கழிக்கும் செக்கிங் பிரிவுக்கு மாற்றினால் போதும். கம்பெனிக்கு மனு எழுதி, அவர் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். வைகாசிக் கடைசியில் முதலாளியே என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி மரியாதைக்காக வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்து என் வழக்கைப் பாதி கெடுத்தாள்.

"ஏனுங்க, வெள்ளி கெடுதலுங்களா? கொழந்தைக்கு அரைஞாண் போடறோம். இதா, நீங்களே வெள்ளி டம்ளர்லதான் குடுக்கறீங்க."

"அதை நீங்க மூக்குல உறிஞ்சலீங்களே."

சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. இருமி முடித்து, "சரிங்க, நாளைக்கே செக்கிங்குக்கு மாத்திக்கலாமுங்க. தெளிக்கற எடத்துல உறிஞ்சற குழாயும் வெச்சுடறேன்" என்றார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். "எழுத்துல குடுத்துடுங்க" என்றேன். அவர் முகம் மாறியது. ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாகப் புறப்பட்டார்.

வாய்மொழி உத்தரவு செல்லாது, கடிதம் வரும்வரை இடம் மாற வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டே முழுவதும் கேட்டார். மறுநாள் நேராகப் போய்ச் செக்கிங் மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

"உத்தரவு வரலையேம்மா" என்றேன் மாலையில்.

"எந்திரின்னு யாரும் சொல்லலை சார். சொன்னாப் பார்த்துக்கிடலாம். உங்க பேப்பர் வந்தா வாங்கி வைங்க."

விசில் மெல்லக் குறைந்தது. பஞ்சுக்கு வரும் தும்மல் மட்டும் நின்றபாடில்லை. நான் இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் போட்டேன். செக்கிங் பிரிவுக்கு அவர் மாற்றப்படுகிறார், குழாயும் பொருத்தியாயிற்று என்ற ஒரே வரிப் பதில் தபாலில் வந்து சேர்ந்தது ஆடிப் பதினெட்டு அன்று.