பூஜ்யம் என்றால் எவ்வளவு நேரம்?

இது நடந்தது. ராத்திரி அல்ல. பட்டப்பகல், மணி இரண்டேமுக்கால். பேய்க்கும் பகல் ஷிப்ட் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எங்கள் இயக்குநரின் பேச்சையே நம்பிக் கைதட்டியவர்கள் இருக்கிறார்கள், இதை நம்புவதற்கா ஆள் கிடைக்காது?

நான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவன். யாராவது போன் செய்தால், என் நிரல் ஒவ்வொரு மருத்துவமனைக் கணினியாகப் போய்க் கேட்கும்: படுக்கை காலியா? இதற்கு இரண்டு கெடு. கதவைத் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் நிற்பது? அது கனெக்‌ஷன் டைம்அவுட். கதவு திறந்தும் உள்ளே இருப்பவர் வாய் திறக்காவிட்டால் எவ்வளவு நேரம் நிற்பது? அது ரீட் டைம்அவுட். முதலாவதற்கு மூன்று விநாடி, அடுத்ததற்கு ஐந்து வைத்திருந்தேன். கெடு முடிந்தால் அடுத்த மருத்துவமனை. பெரிய வித்தையில்லை. ஆனால் எந்த மருத்துவமனை என்று திரை சொல்லாமல் எங்கள் வண்டி ஒரு அடி நகராது. அது இயக்குநரின் விதி.

முந்தின நாள் கூட்டத்தில், மைக் இல்லாமலே மைக் குரலில் முழங்கினார்.

"உயிர் காக்கிற சேவையில அஞ்சு விநாடி காத்திருப்பா? பூஜ்யமாக்குங்க!"

"சார், ஜாவாவுல அந்த இடத்துல பூஜ்யம்னா காத்திருக்காதேன்னு அர்த்தமில்ல. காலமெல்லாம் காத்திருன்னு அர்த்தம்."

"பூஜ்யம்னா பூஜ்யம்தான். எனக்கே கணக்கு சொல்லித் தர்றீங்களா? நாளைக்குள்ள மாத்துங்க. இல்லேன்னா வேற வேலை பாருங்க."

மாற்றவில்லை. வேறு வேலையும் பார்க்கவில்லை.

மறுநாள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் எடுக்கும் என் தங்கை எழுந்து நின்றாள்.

"அண்ணா, திரை அசையல! லைன்ல ஒரு அம்மா. வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலியாம். ஒரு வண்டியும் கிளம்பல."

ஏதோ ஒரு மருத்துவமனைக் கணினி கதவைத் திறந்துவிட்டு ஊமையாக நின்றிருந்தது. ஐந்து விநாடியில் அதைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. கெடுக்கள் பதிந்துள்ள அமைப்புக் கோப்பைத் திறந்தேன். மில்லிவிநாடிக் கணக்கில் 5000 இருக்க வேண்டிய இடத்தில்... 000.

ஐந்தை மட்டும் காணோம்.

முதலில் இயக்குநரைத்தான் சந்தேகித்தேன். பாவம், கணினியைத் திறக்கவே அவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும்.

ஐந்தைத் தட்டினேன்.

டக்.

அழிக்கும் விசை, தானாகத் தாழ்ந்து எழுந்தது. 000.

மறுபடி ஐந்து.

டக்.

"அண்ணா..." தங்கையின் குரல் தேய்ந்திருந்தது. "இன்னொரு லைன்ல ஒருத்தர். வண்டி கிளம்பிடுச்சான்னு கேக்கறார்."

"எவ்வளவு நேரமா காத்திருக்காராம்?"

கேட்டாள். முகம் வெளுத்தது.

"பூஜ்யம்ங்கறார்."

என் பின்கழுத்தில் ஒரு மூச்சு. ஜில்லென்று...

பயந்தேன். ஆனால் என் உடம்பில் பயத்தைவிடக் கோபம் மூத்தது.

"இதோ பாருங்க," என்றேன், திரும்பாமலே. "உங்களுக்கு வண்டி வரல. அநியாயம்தான். அதுக்கு அந்தம்மா வீட்டுக்காரர் ஏன் நிக்கணும்?"

பேனா மூடியால் நெம்பினேன். அழிக்கும் விசை பெயர்ந்து வந்தது. சட்டைப் பையில் போட்டேன். ஐந்தைத் தட்டிச் சேமித்தேன்.

டக்.

பையிலிருந்து.

டக்... டக்...

திரை... 5000.

அழியவில்லை.

"கிளம்பிடுச்சுண்ணா!"

அந்த வீட்டுக்காரர் பிழைத்தார். எனக்கு, உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஒரே வரியில் பதில் எழுதினேன்: வேண்டுமானால் இயக்குநரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளட்டும். இன்றுவரை வரவில்லை. ஐந்து, ஐந்தாகவே இருக்கிறது.

வண்டி ஓட்டும் பெரியவர் ஒருநாள் என் விசைப்பலகையில் இருந்த குழியைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர், அப்பவும் இயக்குநர் சார் சொன்னார்னு மறுபேச்சில்லாம பூஜ்யம் போட்டார் தம்பி. அதே வாரம், இதே நாற்காலியில, அவருக்கே நெஞ்சுவலி. நம்ம நம்பருக்குத்தான் போன் பண்ணினார். திரை நின்னுபோச்சு."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வாசல்ல. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு... உத்தரவுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்."