வெளுக்கத் தெரிந்த நீலம்

போன வாரம் ஒரு சண்டைக்குப் போயிருந்தேன். அழைப்பின் பேரில்தான்!

எங்கள் சின்னத் தீவின் ரோஸ் ஹில் ஊரில், எதிர் வீட்டு மாலினி, கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். "மாமா, நாளைக்கு என் லேப் வாங்க. காலேஜ் டைரக்டர் வர்றார், ரூமை எடுத்துக்கப் போறார். நீங்க சாட்சி" என்றாள். எனக்கு வேடிக்கை பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

அவள் ஆராய்ச்சி பேட்டரிக்கானது. மாலிப்டினம் என்ற உலோகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கட்டிய கூண்டு — ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கூண்டு. அதில் எலெக்ட்ரான்களைக் குடிவைக்க வேண்டும். இரண்டு பேர் சுலபமாக ஏறிவிடுவார்கள். மூன்றாவது ஆள் வந்தால் பஸ் சீட்டில் முறைப்பது போல முறைப்பு! கொஞ்சம் அமிலம் சேர்த்தால் முறைப்பு குறைகிறதாம். கூண்டு உடையாமல் எத்தனை பேரை ஏற்றலாம்? இதுதான் அவளுடைய கேள்வி.

டைரக்டர் வந்தார். கூடவே ஒரு சட்டை ஃபாக்டரி முதலாளி. அந்த அறையில் இனி சாயச் சோதனையாம். (பேச்செல்லாம் எங்கள் தீவின் கிரெயோல் மொழியில், இங்கே என் தமிழில்.)

மாலினி ஸ்விட்சைப் போட்டாள். குடுவையில் அந்தக் கூண்டுகள் கரைந்திருந்த மஞ்சள் கரைசல், எலெக்ட்ரான் ஏற ஏற, மெல்ல மெல்ல... அடர் நீலமானது.

முதலாளி குனிந்து பார்த்தார். "மாம்ஸெல், என்ன நீலம்! பருத்தியில பிடிக்குமா? எத்தனை சலவை தாங்கும்?"

இப்போது நம் தீவில் எந்த நிறத்தைப் பார்த்தாலும் டி-ஷர்ட்தானே தெரிகிறது?

அவள் ஸ்விட்சை அணைத்து, குடுவையின் கம்பியை ஒரு குட்டி மோட்டாரில் மாட்டினாள். காகித விசிறி சுற்றியது. நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஐயோ, சாயம் போகுதே!"

"பே நோன், மிஸ்யே! அட இல்ல சார், போகட்டும். ஏறின எலெக்ட்ரான் இறங்குது. அது இறங்கினாத்தான் விசிறி சுத்தும்."

டைரக்டர் சிரித்தார். "மாலினி, நாம சின்னத் தீவு. சட்டை தைப்போம், டூரிஸ்டைக் கவனிப்போம். பேட்டரியைப் பெரிய நாடுங்க பாத்துக்கும்."

"புயல் அடிச்சு கரண்ட் போனா ஹோட்டலுக்கு ஜெனரேட்டர் இருக்கு. இவர் ஃபாக்டரிக்கும் இருக்கு. பிளேன் மாக்னியன் கிராமத்துல எங்கம்மா மெழுகுவத்தியோட உக்காந்திருக்காங்க. அங்க எந்தப் பெரிய நாடு வந்து பாத்துச்சு?"

 

"வெள்ளிக்கிழமை இந்த ரூம் சாவி வேணும்" என்றார் டைரக்டர்.

"வெள்ளிக்கிழமை எனக்கு இங்க வேலை இருக்கு."

வெள்ளியன்று எட்டிப் பார்த்தேன். சாயப் பெட்டிகள் வராந்தாவில் அடுக்கிக் கிடந்தன. உள்ளே மாலினியும் மாணவர்களும், மேசைமேல் வரிசையாக நீலக் குடுவைகளும். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்.

டைரக்டருக்குக் கோபம் இன்னும் தீரவில்லையாம். மாலினிக்கும் எனக்கும் மட்டும் தீர்ந்துவிட்டதா?